ஜூன் பதினொன்றாம் தேதிப் பேப்பர்

என் பெயர் பேப்பரில் வந்த நாளில் அப்பா ஐந்து பிரதி வாங்கினார். வந்தது 'காணவில்லை' விளம்பரத்தில்.

இன்டர்வியூவுக்காகக் கோயம்புத்தூர் போனபோது, பட்டச் சான்றிதழ் இருந்த ஃபைலைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கியவள் நான். மூன்று வருடம் படித்து வாங்கியதை ஒரு மணி நேரப் பயணத்தில் தொலைத்தேன். நகல் வேண்டுமென்றால், தேடியும் கிடைக்கவில்லை என்ற போலீஸ் சான்று வேண்டும். நாளிதழில் விளம்பரம் கொடுத்து, அது வந்த பக்கத்தைத் தேதியோடு முழுசாகப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கவும் வேண்டும்.

அந்த ஐந்து பிரதிகளையும் அப்பா வெட்டிவிட்டார்.

அப்பா பெயர் சென்னிமலை. பொள்ளாச்சியில் ஒரு தேங்காய்க் களத்தில் காய் உரிக்கிறார். நட்டு வைத்த இரும்புப் பாரையில் ஒரு நாளைக்கு ஆயிரம் காய்க்கு மேல் குத்தி உரிப்பார். ஓட்டில் ஒரு கீறல் விழாது. நான்காம் வகுப்போடு நின்றவர், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விளம்பரத்தில் 'சென்னிமலை மகள் கயல்விழி, பி.காம்.' என்று இருந்ததை அன்று காலை ஐந்தாறு தடவை கூட்டிக் கூட்டிப் படித்தார். ஆனால் அதற்கு மேலே தடித்த எழுத்தில் இருந்த 'காணவில்லை' அவருக்குப் பொறுக்கவில்லை. பவானியிலிருந்து தெய்வாத்தாள் அத்தை வேறு போன் செய்து, புள்ள யாரோடயாவது போயிட்டாளா என்று விசாரித்திருந்தார். அப்பா கத்தரிக்கோலை எடுத்தார். தலைப்பு போயிற்று. நான் எதைத் தொலைத்தேன் என்ற விவரமும் போயிற்று. பெயரும் பட்டமும் இருந்த ஒற்றை வரியை மட்டும் லேமினேட் செய்து ஒன்றை வீட்டில் மாட்டினார், ஒன்றைக் களத்து முதலாளிக்குக் கொடுத்தார், மிச்சத்தைச் சொந்தக்காரர்களுக்கு. வெட்டிய பக்கங்களை அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டார்.

நாற்பது நாள் கழித்து, போலீஸ் சான்று கைக்கு வந்த திங்கட்கிழமைதான் எனக்கு இது தெரிந்தது. அதுவரை பக்கம் பீரோவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. எழுத்துத் தேர்வில் தேறிய ஒரே ஒரு வேலைக்கு அந்த வியாழக்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு. சான்றிதழ் இல்லாதவர்கள் நகலுக்கு மனு கொடுத்த ரசீதையாவது காட்ட வேண்டும், அதைப் பரிசீலிப்பார்கள் என்று கடிதத்தில் இருந்தது.

"ஏனுங்கப்பா, தேதிய எதுக்கு வெட்டிப்போட்டீங்க?"

"தேதி எதுக்கு கண்ணு? உம்பேரு அதுல இல்லையே."

பேப்பர் ஆபீசில் ஒரு மாதத்துக்கு மேல் பழைய பிரதி வைப்பதில்லை என்றார்கள். மறுபடி விளம்பரம் கொடுத்தால் வர நான்கு நாள் ஆகும். நூலகத்துப் பேப்பரை வெளியே தர மாட்டார்கள். மிச்சம் இருந்தது மார்க்கெட் பக்கத்தில் யாகூப் பாயின் பழைய பேப்பர்க் கடைதான். செவ்வாய்க்கிழமை அப்பா களத்துக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்தார். தமிழ்ப் பேப்பரையும் இங்கிலீஷ் பேப்பரையும் கலந்துவிடாமல் எவ்வளவு வேண்டுமானாலும் தேடிக்கொள்ளச் சொன்னார் பாய்.

முதல் பிரதி அரை மணி நேரத்தில் கிடைத்தது. என் விளம்பரம் வந்த ஒன்பதாம் பக்கம் மட்டும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அந்தப் பக்கத்தின் பின்னால் அரசுத் தேர்வுக்கான மாதிரி வினாத்தாள் வந்திருக்கிறது. என்னைப் போல வேலை தேடுகிறவர்கள் கிழித்து எடுத்துவிட்டார்கள். யாரைத் திட்டுவது? எத்தனையோ நாள் நானும் அப்படிக் கிழித்தவள்தான்.

எரிச்சலில் அந்த நாளின் தலைப்புகளைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். 'நான்கு நாளில் கனமழை.' வெளியே வெயில் கொளுத்தியது. 'பதினைந்து நாளில் குடிநீர்ப் பிரச்சினை தீரும்: அதிகாரி உறுதி.' காலையில்தான் லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்துவிட்டு வந்திருந்தேன். 'வேலைவாய்ப்பு முகாமில் ஆயிரம் பேருக்குப் பணி ஆணை.' அந்த முகாமில் எனக்குக் கிடைத்தது ஒரு பேனாவும் தக்காளி சாதப் பொட்டலமும். ராசிபலனில் என் ராசிக்கு, கைவிட்டுப் போன பொருள் வீடு தேடி வருமாம்.

"தண்ணி பதினஞ்சு நாள்ல வருமுன்னு போட்டது போன வருசத்துப் பேப்பர்லயும் இருக்குதுங்க" என்றார் பாய், கட்டுக்குச் சணல் சுற்றிக்கொண்டே. "வேணுமுன்னா எடுத்துத் தாரேன்."

அப்பா ஒரு தலைப்பை விரல் வைத்துக் கூட்டினார். வால்பாறை மலைப்பாதையில் யானை நின்றதால் இரண்டு மணி நேரம் பஸ் ஓடவில்லை என்ற செய்தி. "இதுல யானை ஒண்ணுதான் நெசமா வந்திருக்குதாட்ட இருக்குது" என்றார். பாய் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தால் கோபம் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

எட்டாவது பிரதியில் ஒன்பதாம் பக்கம் இருந்தது. யாரோ வினாத்தாளில் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே வந்து, பன்னிரண்டாவது கேள்வியோடு விட்டிருந்தார்கள். அடித்த பன்னிரண்டில் ஏழு தப்பு. கிழித்து எடுக்காமல் விட்ட அந்த ஆளுக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். பாய் காசு வாங்கவில்லை.

மறுநாள் பல்கலைக்கழகக் கவுன்ட்டரில் இருந்த பெண்மணி பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேனாக் கிறுக்கல் என்ன என்று கேட்டார். என்னுடையது இல்லை என்றேன். தேதி, பெயர், பதிவெண் மூன்றையும் ஒத்துப் பார்த்து முத்திரை போட்டு ரசீது கொடுத்தார். நகல் வர நாற்பத்தைந்து நாள் ஆகும் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ரசீதை வாங்கி, மடிக்காமல் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு இத ஒத்துக்குவாங்களா கண்ணு?"

"தெரியலீங்கப்பா."

மூன்று நாளில் நான் அவரிடம் கத்தாமல் சொன்ன முதல் பதில் அது. அப்பா, "அப்ப நானும் கூட வாரேன்" என்றார். இதுவரை எந்த இன்டர்வியூவுக்கும் அவரைக் கூட்டிப்போனதில்லை. ஏன் என்று அவர் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"வாங்க. ஆனா அங்க யாருகிட்டயும் பேசப்படாதுங்க."

சரி என்று தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, பக்கத்து சீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "எம்புள்ள பி.காமுங்க" என்று ஆரம்பித்தார்.