நீலக் கட்டம்

எங்கள் ஸ்டுடியோவில் படம் எடுப்பது நான். எடுத்த படத்தில் இருப்பவர்களைப் பார்க்கிற மாதிரி ஆக்குவது பியானோ அக்கா. அது முதலாளி வைத்த பட்டப்பெயர். அக்காவுக்குக் கை நடுக்கம். மவுஸைப் பிடித்தால் திரையில் அம்பு ஈ மாதிரி அலையும். அதனால் எல்லாமே கீபோர்டுதான். டேப் கீயைத் தட்டத் தட்ட ஒரு நீலக் கட்டம் பொத்தான் பொத்தானாகத் தாவும். வேண்டிய பொத்தானில் கட்டம் வந்து நின்றதும் என்டர். அந்தக் கட்டம்தான் அவளுக்குச் சோறு போட்டது. அந்த நாற்காலி போனால் அவளை உட்காரவைக்க ஊரில் வேறு நாற்காலி இல்லை.

கட்டத்தைப் போட்டுக் கொடுத்தவன் அவள் தம்பி. படம் திருத்தும் அந்த சாஃப்ட்வேரைச் செய்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. முன்பெல்லாம் பாதிப் பொத்தான்களுக்கு டேப் போகவே போகாது. "இங்க மாட்டிக்குதுடா, அங்க குதிச்சு ஓடுதுடா" என்று அக்கா அவன் உயிரை வாங்கினாள். அவனும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தான். கம்பெனி ஆட்கள் கேமராவோடு வந்து அவளுடைய கைகளை மட்டும் படம் பிடித்துப் போனார்கள். அந்த வீடியோவைக் காட்டித் தம்பி பரிசு வாங்கினான், பதவி உயர்வும் வாங்கினான். அக்கா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாள். முகத்தையும் கொஞ்சம் எடுத்திருக்கலாமே என்று எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு ஒரு காலையில் சாஃப்ட்வேர் தானாகவே புதுசாகியிருந்தது. திரை துடைத்துவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது. நீலக் கட்டத்தைக் காணோம்.

அன்றைக்கென்று பார்த்து ஒரு பள்ளிக்கூடத்தின் அடையாள அட்டைப் படங்கள், உடனே வேண்டுமாம். அக்கா பழகிய கணக்கில் டேப் தட்டினாள். தலைமையாசிரியரின் வழுக்கையில் அடித்த வெளிச்சத்தைத் தோல் நிறம் பூசி மறைத்துவிட்டு, 'சேமி'யில் நிற்பதாக நினைத்து என்டர் தட்டினாள். அதற்கு முன்னால் புதிதாக ஒரு பொத்தான் முளைத்திருந்தது: 'எல்லாப் படங்களுக்கும்'. வழுக்கைக்குப் பூசியது பள்ளிக்கூடத்தில் எல்லார் தலையிலும் அப்பிக்கொண்டது. முதலாளி அவசரத்தில் பார்க்காமலே அச்சடித்து அனுப்பினார். பிள்ளைகள் எல்லோரும் பாதி வழுக்கையோடு அட்டையில் சிரித்தார்கள். பெற்றோர்கள் சிரிக்கவில்லை.

அக்கா ஸ்பீக்கரில் போட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"கட்டம் எங்கடா போச்சு? நான் எங்க நிக்கிறேன்னே தெரியல."

"பாக்க அசிங்கமா இருக்குன்னு மீட்டிங்ல சொன்னாங்கக்கா. எடுத்துட்டேன்."

"நீயா எடுத்த?"

"இத யாரு யூஸ் பண்றாங்கன்னு கேட்டாங்க."

"நான் பண்றேனேடா!"

"நீ ஒரு ஆளுதானேக்கா."

"பழசையாவது திருப்பிப் போட்டுக் குடு."

"அது இனிமே வேலை செய்யாது. மெதுவா மவுஸ் பழகிக்கோயேன்."

கூடப் பிறந்தவன் சொன்னது இது. எனக்கு அந்த போனைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

முதலாளி மறுவாரமே மவுஸ் பிடிக்கிற ஒருவரைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். "உன்னைய வெளிய அனுப்ப எனக்கு மனசு வரல. வர்றவங்களுக்குக் கண்ணாடி பிடி" என்றார். நடுங்குகிற கைக்குக் கொடுக்க அந்த மகராசனுக்கு வேறு வேலை அகப்படவில்லை. படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள் ஆடுகிற கண்ணாடியோடு சேர்ந்து தலையை ஆட்டிக்கொண்டு சீவினார்கள். சிலர் சிரித்தார்கள். அக்காவும் கூடச் சிரித்து வைத்தாள்.

வெளிநாட்டு விசாவுக்குப் படம் வேண்டும் என்று தம்பி வந்தான். கம்பெனி அனுப்புகிறதாம். நான் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அக்கா அவன் எதிரில் நின்று இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்தாள். சீப்பை எடுத்தவன் முகத்தைச் சுளித்தான்.

"ஆட்டாம பிடிக்கா."

அவள் கண்ணாடியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். அப்போதும் ஆடியது.

"சரி, விடு." கண்ணாடியை அவள் கையிலிருந்து வாங்கித் தானே பிடித்துக்கொண்டு அழகாகச் சீவி முடித்தான்.

கல்லாவில் இருந்த முதலாளி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை நான் போனபோது அந்தக் கண்ணாடியைச் சுவரில் மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.