பல் டாக்டரின் பென்சில் கோடு

வாயில் பஞ்சை அடைத்த பிறகுதான் எங்கள் பல் டாக்டர் விஸ்கியைப் பற்றிப் பேசத் தொடங்குவார். மறுத்துப் பேச வழியில்லாதவர்களிடம் பேசுவதில் அவருக்குத் தனி உற்சாகம்.

"நாப்பத்திரண்டு வருஷம் பீப்பாய்ல தூங்கின சரக்கு சார். ஸ்காட்லாந்துல அந்த ஆலையவே இழுத்து மூடிட்டாங்க. இனிமே பொறக்காது!" வலியில் முனகினால், ரசிக்கிறோம் என்று எடுத்துக்கொள்வார். யாராவது அதை மால்ட் என்று சொல்லிவிட்டால் போச்சு. "மால்ட்டா? அது பார்லி. இது சிங்கிள் கிரெயின் சார்! கோதுமையில, ஒரே ஆலையில காய்ச்சினது." அடுத்த ஊசி கொஞ்சம் அழுத்தமாகவே இறங்கும்.

வீட்டின் முன்னறைதான் கிளினிக். அடுத்த அறையின் கண்ணாடி அலமாரியில், சிவப்பு வெல்வெட் மெத்தை மேல் பாட்டில் படுத்திருக்கும். லேபிள் எல்லார் கண்ணிலும் பட வேண்டுமே! ஞாயிறு காலையில் கையுறை மாட்டி அதை எடுத்து, நிமிர்த்திப் பார்த்து, மறுபடி படுக்க வைப்பார். மகள் கல்யாணத்துக்குத் திறப்பதாகச் சொன்னார். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

நான்கு மாதம் முன்பு, திறக்காத பாட்டிலில் விஸ்கியின் மட்டம் இறங்கியிருந்தது. லேபிள் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டார். அடுத்த ஞாயிறு அதற்கும் கீழே. மாடியில் குடியிருந்தவர் டாக்டருடைய மனைவியின் தம்பி; பள்ளிக்கூட வாத்தியார், இருமல் மருந்துக்கே முகம் சுளிக்கிற மனிதர். "வெளியாளா வந்து குடிப்பான்?" என்று அவர் காதில் விழும்படி டாக்டர் கேட்டார். அதோடு பேச்சு நின்றது. வாத்தியார் வேறு வீடு பார்த்து, புத்தகங்களை மூட்டை கட்டத் தொடங்கினார். அக்கா அழுதுகொண்டே இருந்தாள். எனக்கு டாக்டர் மேல் ஆத்திரமாக வந்தது. என் பல் அவர் கையில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

போன வாரம் நான் காத்திருந்தபோது உள்ளிருந்து டாக்டரின் மனைவி கத்தினாள். "இங்க வாங்க, உங்க திருடனப் பிடிச்சிட்டேன்!" தூசி தட்டத் தூக்கிய வெல்வெட் மெத்தையின் அடிப்பக்கம் நனைந்து, கும்மென்று மணத்தது. ஒயினைத்தான் படுக்க வைப்பார்கள். விஸ்கியை நிமிர்த்தி வைக்க வேண்டும். நாற்பத்திரண்டு வருஷ வரலாறு தெரிந்தவருக்கு அது தெரியவில்லை. கார்க் ஊறி, உளுத்துப்போய், ஒழுகியிருக்கிறது.

வாத்தியாரைக் கீழே கூப்பிட்டார்கள். தொட்டதும் கார்க் உடைந்தது. வேர் பிடுங்கும் இடுக்கியால் துண்டு துண்டாக எடுத்தார் டாக்டர். எந்த மனிதனின் பல்லையும் அவர் அவ்வளவு மென்மையாகப் பிடுங்கியதில்லை.

"தம்பிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் மனைவி.

வாய் கொப்பளிக்கும் தம்ளரில் அரை விரல் அளவு ஊற்றி, மச்சினன் பக்கம் நகர்த்தினார். "மொதல் சொட்டு உனக்குத்தான் மாப்ள."

"நான் குடிக்கறதில்லையே மாமா. இத்தன நாளா அதத்தானே சொல்றேன்."

டாக்டர் முகம் தெளிந்தது. தம்ளரில் இருந்ததைச் சொட்டு விடாமல் பாட்டிலுக்குள் திருப்பி ஊற்றினார். அதன் வாயில் பஞ்சை அடைத்து, அலமாரியில் நிமிர்த்தி வைத்தார். பிறகு மச்சினனை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு, பென்சிலை எடுத்துப் புதிதாக ஒரு கோடு போட்டார்.