இரண்டு சீட்டுக் கார்

தாத்தா போன பிறகு எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் பாகம் பிரித்தார்கள். லிந்துலை பஜாரில் இருந்த கடைக்கு நடுவே பலகைச் சுவர் எழும்பியது. பலசரக்குப் பக்கம் அப்பாவுக்கு. ஆணி, பெயின்ட், குழாய் விற்கும் ஹாட்வெயார் பக்கம் பெரியப்பாவுக்கு. பின்னாலிருந்த வீட்டையும் அப்படியே இரண்டாக்கினார்கள். அண்டா குண்டா, தராசு, சாமி படங்கள் எல்லாம் ஆளுக்குப் பாதி. பிள்ளையார் அந்தப் பக்கம் போனார், முருகன் எங்கள் பக்கம் வந்தார். கொல்லைக் கொட்டகையில் நின்ற தாத்தாவின் காரை மட்டும் யாராலும் பிரிக்க முடியவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு சீட் இருந்ததென்னவோ உண்மை, ஆனால் எஞ்சின் ஒன்றுதானே.

அது ஸ்போர்ட்ஸ் கார். மேலே கூரை கிடையாது, மழை வந்தால் துணியை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில், ஊருக்கு மூட்டை கட்டிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து தாத்தா வாங்கினாராம். எதற்கு வாங்கினார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கு ஓட்டவும் தெரியாது. டிரைவர் வைத்தார். ஒரு சீட்டில் டிரைவர், மற்றதில் தாத்தா. பெண்டாட்டி பிள்ளைகளுக்கு இடமில்லை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழையும் மூட்டமுமாகக் கிடக்கிற ஊரில் மொட்டைக் கார் வாங்கிய மகாராசன் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

பாகம் பிரித்த நாளிலிருந்து அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சு இல்லை. என்ன சண்டை என்று கேட்டால் அம்மா ஒரு கதை சொல்வாள், பெரியம்மா வேறொரு கதை சொல்வாள். இரண்டு கதையையும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, குழம்பு மாற்றிக்கொண்டே சொல்வார்கள். பெண்கள் அந்தச் சண்டையில் பங்கு கேட்கவில்லை. இந்தக் கூத்தில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. அப்பா பெரியப்பாவிடம் எதையாவது சொல்ல வேண்டும் என்றால் என்னிடம் சொல்வார். பெரியப்பா அப்பாவிடம் சொல்ல வேண்டியதையும் என்னிடமே சொல்வார். நான் ஆண்டு நாலு படித்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு மனிதர்களும் என்னை நம்பித்தான் உயிர் வாழ்கிறார்கள் என்று எனக்கு அப்படி ஒரு பெருமை.

அந்த வருஷம் பெரியப்பா தன் பாகத்தை விற்றுவிட்டு, வத்தளையில் இருந்த மகள் வீட்டோடு போய்விடுவது என்று முடிவு செய்தார். கொட்டகை அவருடைய பாகத்தில் இருந்தது. வாங்கியவர் தை பிறக்குமுன் இடத்தைக் காலி செய்து தரச் சொல்லிவிட்டார். வட்டகொடையில் என் தாய்மாமன் வீட்டில் ஒரு ஷெட் சும்மா கிடந்தது. கார் அங்கே போக வேண்டும், இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரர் வந்து வெட்டிக்கொண்டு போவார்.

"ஒரு லொறியில கட்டி இழுத்துக்கிட்டுப் போனா போச்சு" என்றாள் அம்மா.

அப்பா இந்தப் பக்கமிருந்தும் பெரியப்பா அந்தப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் அவளை முறைத்தார்கள். தாத்தாவின் காரை, செத்த மாட்டை இழுப்பதுபோல பஜார் நடுவே கயிறு கட்டி இழுப்பதா? கார் தன் காலில்தான் போக வேண்டும். அண்ணன் தம்பிக்குள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

காரின்மேல் அடுக்கியிருந்த கடை மூட்டைகளை இறக்கிப் போட்டபோது காரின் முகம் தெரிந்தது. ஒரு பக்க லைட் இல்லை. சீட்டுக்குள் எலிகள் குடும்பம் நடத்தியிருந்தன. அடித்தகட்டில் துரு தின்ற ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடை சாத்திய பிறகான சாயங்காலங்களிலும் இருவரும் கொட்டகைக்கு வருவார்கள். பெரியப்பா தன் கடையிலிருந்து உப்புத்தாளும் பெயின்ட்டும் கொண்டுவருவார். அப்பா சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் கொண்டுவருவார். சீட்டுக்குத் தேங்காய்த் தும்பு அடைத்து, சோபா தைக்கிறவரிடம் கொடுத்து மேல்தோல் போட்டார்கள். துணிக்கூரையைத் தார்ப்பாயில் தைத்தார்கள். எஞ்சினை மட்டும் தலவாக்கலை கராஜிலிருந்து மெக்கானிக் பாஸ் ஒருவர் வந்து இரண்டு மூன்று நாள் இருந்து பார்த்துக் கொடுத்தார்.

நான் நடுவில் நிற்பேன்.

"அந்த மனுசனுக்குக் கண்ணு என்னா பொடணியிலயா இருக்கு? நட்டு மரை போற அளவுக்கா முறுக்குறதுன்னு கேளு" என்பார் பெரியப்பா.

நான் அப்பா பக்கம் திரும்பி, "அப்பா, கொஞ்சம் மெதுவா முறுக்குவீங்களாம்" என்பேன்.

"சொல்றவரு வந்து முறுக்கிக் கிழிக்கட்டும்னு சொல்லு."

"பெரியப்பா, நீங்க முறுக்குனா நல்லா இருக்குமாம்."

பெரியப்பா உறுமிக்கொண்டே வந்து ஸ்பேனரை வாங்கிக்கொள்வார். அப்பாவும் கொடுத்துவிடுவார். பார்த்தீர்களா என் சாமர்த்தியத்தை! கசப்பையெல்லாம் வடிகட்டி, இனிப்பை மட்டும் கைமாற்றி இருவரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். ஒரு கை தூரத்தில் நிற்கிற இரண்டு பேருக்கும் பாம்புக் காது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

எஞ்சின் முதன்முதலாக இருமி, புகை கக்கி, ஓடத் தொடங்கிய அன்று பெரியம்மா தேங்காய் உடைத்தாள். அடுத்தது பிரேக். அதை நாங்களே செய்துகொள்கிறோம் என்று இரண்டு பேரும் வீராப்பாகச் சொன்னார்கள், என் மூலமாகத்தான்.

பிரேக் குழாயில் ஒயில் நிரப்பினால் உள்ளே காற்று தங்கிவிடக் கூடாது. அதை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தின் பின்னால் படுத்து ஒரு சின்ன நட்டைத் திறந்தால், ஒயிலோடு காற்றும் பீய்ச்சிக்கொண்டு வரும். அவர் நட்டை மூடிய பிறகுதான் இவர் காலை எடுக்கலாம். முந்திக் காலை எடுத்தால், போன காற்று திரும்ப வந்துவிடும். அதனால் இரண்டு பேரும் வாய் ஓயாமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

பெரியப்பா காருக்கு அடியில் படுத்தார். அப்பா சீட்டில் உட்கார்ந்தார்.

"பாப்பா, மிதிக்கச் சொல்லு."

எங்கள் வீட்டில் பெரியவர்களிடம் தூரத்தில் நின்று கத்தக் கூடாது. நான் காரைச் சுற்றி நடந்துபோய், "அப்பா, பெரியப்பா மிதிக்கச் சொன்னாங்க" என்பேன். அப்பா மிதித்து, "மிதிச்சாச்சுன்னு சொல்லு" என்பார். நான் மறுபடி சுற்றிப் போய்க் குனிந்து சொல்வேன். பெரியப்பா திறப்பார். அவர் மூடுவதற்குள் அப்பாவுக்குக் கால் வலித்துவிடும். அன்று முழுக்க நான் காரைச் சுற்றிச் சுற்றி நடந்து கால் கடுத்துப்போனேன். ராத்திரி சோறு சாப்பிடும்போது, பிரேக் முழுக்க நானே போட்டேன் என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். பெரியப்பா ஓட்டினார், அப்பா பக்கத்தில். எனக்கு ஏது சீட்? ஆனால் நான் இல்லாமல் அவர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள்? அதனால் இரண்டு சீட்டுக்கும் பின்னால், மடித்து வைத்த தார்ப்பாய்மேல் என்னை உட்கார வைத்தார்கள். பஜாரே வெளியே வந்து பார்த்தது. ரொட்டிக் கடைக்காரர் கையில் மாவோடு வந்து நின்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஊர் தாண்டியதும் இறக்கம். இரண்டு பக்கமும் தேயிலை, முகத்தில் குளிர்காற்று. வளைவு வந்தது. பெரியப்பா பிரேக்கை மிதித்தார். மறுபடி மிதித்தார். பிறகு, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், வழக்கம்போலச் சொன்னார்.

"பாப்பா, ஒங்கப்பாகிட்ட சொல்லு, பிரேக் இல்லன்னு."

நானும் முறைப்படி ஆரம்பித்தேன். "அப்பா, பெரியப்பா என்னா சொல்றாங்கன்னா..."

நான் சொல்லி முடிக்கவில்லை. அப்பா இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தார். "அண்ணே! கியரக் கொறைங்கண்ணே! எடப்பக்கம் ஒடிங்க, எடப்பக்கம்!"

பெரியப்பா ஒடித்தார். கார் சாலையோரத் தண்ணீர்க் கானில் ஒரு குதி குதித்து, மண்திட்டில் ஏறி, தேயிலைச் செடிகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. என் நெற்றி முன்சீட்டில் இடித்து உடனே புடைத்தது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காமார் ஓடிவந்தார்கள். ஆள் அம்புட்டுக்கும் சேதமில்லை என்று தெரிந்ததும் ஒருத்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்:

"என்னாங்க மொதலாளி, கார்லயே கொழுந்து எடுக்க வந்துட்டீங்களா?"

மலையே சிரித்தது. கங்காணி மட்டும் ஒடிந்த செடிகளைப் பார்த்துப் புலம்பினார். அப்பாவும் பெரியப்பாவும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. நான் தேம்பித் தேம்பி அழுதேன். நெற்றி வலிக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள். வலி இருந்தது உண்மைதான். ஆனால் நான் அழுதது அதற்கில்லை. நான் பக்கத்தில் இருக்கும்போதே அப்பா என்னைக் கேட்காமல் நேரே "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டாரே, அதற்கு.

கடைசியில் கொழுந்து லொறியில் கயிறு கட்டித்தான் காரை இழுத்து வந்தார்கள். பஜார் மறுபடி வெளியே வந்து பார்த்தது. ரொட்டிக் கடைக்காரர் இந்தத் தடவை கை கழுவிவிட்டு, ஆறுதலாக வந்து நின்று பார்த்தார். அம்மா வாசலில் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த நல்ல மனசு அவளுக்கு.

கராஜ் பாஸ் வந்து பிரேக்கை அழுத்திப் பார்த்தார். "குழாய் பூரா காத்துங்க. யாரு மிதிச்சது, யாரு தெறந்தது?" என்று கேட்டார். நடந்ததை நான் மூச்சுவிடாமல் சொன்னேன், நான் எத்தனை தடவை நடந்தேன் என்பது உட்பட. அவர் அப்பாவைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். வந்த சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு, ஒரு கண்ணாடிப் போத்தலையும் சின்னக் குழாய் ஒன்றையும் கொடுத்தார். நட்டில் குழாயை மாட்டி, மறுமுனையைப் போத்தலில் இருக்கிற ஒயிலுக்குள் விட வேண்டும். காற்று இருக்கும்வரை போத்தலில் குமிழி வரும். குமிழி நின்றால் வேலை முடிந்தது.

மறுநாள் காலையிலேயே இருவரும் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு கடையும் பூட்டியிருந்தது. நான் ஓடிப்போய் என் இடத்தில் நின்றுகொண்டேன். பெரியப்பா காருக்கடியில் படுத்து, "பாப்பா" என்று தொடங்கி, நிறுத்தினார்.

"நீ இங்க வந்து ஒக்காரு. போத்தல மட்டும் பாரு. குமிழி வருதா இல்லையான்னு சொல்லு, போதும்" என்றார்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. உத்தியோகம் போய்விட்டதே! உட்கார்ந்தேன். பிறகு காருக்கடியிலிருந்து, யாருக்கென்று சொல்லாமல் ஒரு குரல் வந்தது.

"மிதி."

சீட்டில் இருந்தவர் தொண்டையைச் செருமினார். "மிதிச்சிட்டேண்ணே."

போத்தலில் குபுகுபுவென்று குமிழி கிளம்பியது. "வருது, வருது!" என்று கத்தினேன்.

"விடு."

"விட்டுட்டேண்ணே."

அந்தக் கார் பொங்கலுக்கு முன்பே தன் காலில் வட்டகொடைக்குப் போய்ச் சேர்ந்தது. பெரியப்பா குடும்பமும் வத்தளைக்குப் போனது. அதன் பிறகு இருவரும் விழுந்து விழுந்து பேசிக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கல்யாணம் கருமாதியில் பார்த்தால், "சாப்பிட்டியா", "சாப்பிட்டேண்ணே" என்பார்கள். அவ்வளவுதான். அவர்களுக்கு அதற்கு மேல் பேசத் தெரியாது.

அன்று காலையிலோ நிறுத்தவே இல்லை. நாலு சக்கரமும் முடிந்தது. கடைசிச் சக்கரத்தில் குமிழி குறைந்து, ஒன்று இரண்டாகி, அடியோடு நின்றுபோனது. போத்தலில் ஒயில் சுத்தமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"குமிழி நின்னுருச்சு பெரியப்பா" என்றேன்.

"மிதி" என்றார் பெரியப்பா.

"மிதிச்சிட்டேண்ணே."

"விடு."

"விட்டுட்டேண்ணே."

"பெரியப்பா, காத்து இல்ல. அப்பா, காத்து எல்லாம் போயிருச்சு!"

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா கையில் பிளேன்டீயோடு கொட்டகை வாசலுக்கு வந்தவள், உள்ளே வராமல் அங்கேயே நின்றாள். நான் எழுந்து ஓடி அவளிடம் முறையிட்டேன்.

"எப்பவோ நின்னுருச்சும்மா. நான் சொல்லச் சொல்லக் கேக்க மாட்டேங்கிறாங்க. பாரு, இன்னும் மிதிக்கிறாங்க."

அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அடுப்புப் புகை அடித்திருக்கும் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்து, "நீ வா, அவங்க பாத்துக்குவாங்க" என்று கொண்டுவந்த டீயையும் கொடுக்காமல் வீட்டுப் பக்கம் இழுத்துப் போனாள். எங்கள் முதுகுக்குப் பின்னால் மிதி, மிதிச்சிட்டேண்ணே, விடு, விட்டுட்டேண்ணே என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அடுப்படிக்கு வந்த பிறகும் கேட்டது. நல்ல ஒயில் இப்படி வீணாகிறதே என்பது மட்டும்தான் அன்றைக்கு என் கவலை.