வெந்நீர் ஊற்றிய விதை

காலை ஆறு நாற்பது. வில்பட்டிக்கு மேலே, புல்மேட்டின் சரிவில் முதலில் என் கண்ணில் பட்டது ஆவி. பனிமூட்டம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மூட்டம் படுத்தபடி நகரும். இது ஒரே இடத்திலிருந்து நேராக மேலே எழுந்தது. இன்னும் கொஞ்சம் ஏறியதும் மூன்று கல் அடுப்பும், அதன்மேல் அலுமினியக் குண்டானும் தெரிந்தன. பக்கத்தில் ஒரு பெண் குந்தியிருந்தார்.

எழுபதுகளின் பின்பாதி அது. மதுரையிலிருந்து வரும் ஒரு நாளிதழுக்கு நான் கொடைக்கானல் பகுதி நிருபராக இருந்தேன். அன்று அந்த மேட்டில் வாட்டில் மரத்துக்கு விதை ஊன்றப்போவதாகத் தகவல் வந்திருந்தது. மரப்பட்டை தோல் பதனிடும் ஆலைகளுக்குப் போகும், சுள்ளி ஏழைகளின் அடுப்புக்கு, கூலி உள்ளூர்ப் பெண்களுக்கு, மரம் வளர்ந்தால் மழையும் கூடும் என்று சொல்லப்பட்ட திட்டம். திட்டத்தின் வரைபடத்தில் அந்தப் புல்வெளிக்குத் தரிசு என்று பெயர். நானும் அந்தச் சொல்லை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

"காப்பியா அக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா. ஒரு டம்ளர் ஊத்தவா? குடிச்சா நேரா மதுர ஆஸ்பத்திரிதான்."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஒரு தகர வாளி இருந்தது. அதன் அடியில் மிளகைவிடச் சிறிய கறுப்பு விதைகள். முந்தின நாள் வனத்துறைக் கார்டு ஆளுக்கு ஒரு பையாகக் கொடுத்துவிட்டிருந்த வாட்டில் விதை. குண்டானை முந்தானையால் பிடித்துத் தூக்கி, கொதிநீரை வாளியில் சாய்த்தார். விதைகள் மேலே எழும்பிச் சுழன்று மறுபடி அடியில் படிந்தன. மெல்லிய பொரியும் சத்தம் ஒன்று கேட்டது. அவர் வாளியை ஒரு சாக்கால் மூடினார்.

பிறகுதான் என் தோள்பையையும் பேனாவையும் பார்த்தார். "பேப்பர்காரத் தம்பிதானே நீங்க? இத எழுதிப்புடாதீங்க. எம் பொழப்புல மண்ணு விழுந்துரும்."

எழுத மாட்டேன் என்றேன். சொன்னார். அந்தச் சரிவின் அடியில் ஓர் ஊற்று. அதற்குக் கீழே அவருடைய பூண்டுத் தோட்டம், நாற்பது சென்ட். கணவர் இல்லை. அந்த ஊற்று ஓடும்வரை பூண்டு உண்டு, பூண்டு இருக்கும்வரை சோறு உண்டு.

"மேக்கால எங்க நாத்தனா ஊரு. அங்க இந்த மரத்த வச்ச ஆறாம் வருசம் ஊத்து கண்ண மூடிருச்சு. கார்டுகிட்டச் சொன்னா, மரம் வந்தாத்தான் மழை வரும்ங்கிறாரு. சரின்னுட்டு, ஊத்துக்கு மேல இருக்குற மேக்கூற எனக்கே குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டேன்."

"வாங்கி?"

"பீன்ஸ் வெதையில வெந்நி பட்டா மொளைக்குமா? அவரை மொளைக்குமா? வெதைன்னா வெதைதான தம்பி. குழியில போடுவேன், மண்ணத் தள்ளுவேன். அது பாட்டுக்கு உள்ள கெடக்கும். நாளைக்கி மொளைக்கலன்னா, மண்ணு சரியில்லன்னு அவரே எழுதிக்கிருவாரு."

எனக்கு அது பிடித்திருந்தது. ஆணைகளுக்கு எதிராக ஒரு குண்டான் வெந்நீர். அவர் எதிரே குந்திக் கைகளை அடுப்பில் காட்டிக்கொண்டிருந்தேன். குறிப்பேட்டை மூடிவிட்டேன்.

எட்டு மணிக்குக் கார்டும் மற்றப் பெண்களும் ஏறி வந்தார்கள். அடுப்புக் கற்கள் அதற்குள் உருட்டிவிடப்பட்டிருந்தன. விதை ஆறி, பைக்குத் திரும்பியிருந்தது. கார்டு மூச்சு வாங்கியபடி, "என்னாத்தா, இம்புட்டு வெள்ளனே வந்துட்ட?" என்றார்.

"சோலிய வெரசா முடிக்கணும்ல."

"பாத்துக்கங்கடி. இந்தச் சரிவு முழங்கால ஒடிக்கும்னு எவளும் தொடல. இந்தம்மா கேட்டு வாங்கியிருக்கு. இதுக்குப் பேருதான் தேசபக்தி."

"அப்ப ஒங்க வீட்டம்மாவையும் கூட்டியாங்க கார்டய்யா," என்றாள் ஒருத்தி. "அவுகளுக்கும் கொஞ்சம் பக்தி வரட்டும்."

"அவுக வந்தா இவரு கூடையத் தூக்கணும்டி," என்றாள் இன்னொருத்தி. கார்டும் சேர்ந்துதான் சிரித்தார். கம்பால் குழி, நாலைந்து விதை, காலால் மண். மதியத்துக்குள் மேற்கூறு முடிந்துவிட்டது. எல்லோரையும்விட ஒழுங்காக, வரிசை பிசகாமல் ஊன்றியவர் அந்த அக்காதான்.

செய்திக்கு வேண்டியது என் பையில் இருந்தது. வனத்துறை அலுவலகத்தில் கொடுத்த சைக்ளோஸ்டைல் அறிக்கை, மூன்று தாள். திட்டத்தின் நோக்கம், பயன், ஏழைப் பெண்களுக்கு வேலை எல்லாம் முதல் தாளிலேயே இருந்தன. முதல் தாள் போதுமானதாக இருந்தது. செய்தி ஐந்தாம் பக்கத்தில் இரண்டு பத்தியாக வந்தது.

மழைக்குப் பிறகு ஒருநாள் கார்டு என்னைத் தேடி டீக்கடைக்கு வந்தார். "வாங்க, ஒரு அதிசயம் காட்டுறேன். போட்டோப் பெட்டியையும் எடுத்துக்கங்க."

மற்றவர்கள் ஊன்றிய கூறுகளில் பத்துக் குழிக்கு இரண்டு மூன்றில்தான் முளை இருந்தது. புல்லுக்குள் தேடித்தான் பார்க்க வேண்டும். மேற்கூறில் தேட வேண்டியிருக்கவில்லை. குழிக்கு நாலு, குழிக்கு அஞ்சு என்று கீரைப்பாத்தி போல எழும்பி நின்றது. இறகு இறகாகப் பிரிந்த சின்ன இலைகள். காற்றில் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன.

கீழேயிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்திருந்தார். அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். "கைராசிக்காரம்மா நீங்கதானா? என்ன செஞ்சீங்க?" என்று அதிகாரி கேட்டார். நல்ல மனிதர், உண்மையாகவே மகிழ்ந்துபோயிருந்தார்.

அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒரு விடை எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பும் பார்வை அது.

"ஒண்ணுமில்லீங்க," என்றார். "வெதச்சேன்."

ஒரு கம்பளிப் போர்வையை அவர் தோளில் போர்த்தினார்கள். முளைகளுக்கு நடுவே நிற்கவைத்தார்கள். நான் படம் எடுத்தேன்.

படத்தோடு போகும் செய்தியில் அதிகாரியின் பதவிப் பெயர் பிழையில்லாமல் வர வேண்டும். அன்று பிற்பகல் அதற்காகப் பழைய அறிக்கையை வெளியே எடுத்தேன். இரண்டாம் தாளின் நடுவில் மூன்று வரி இருந்தது. இந்த விதையின் தோல் மிகக் கடினமானது. ஊன்றும் முன் கொதிநீரை ஊற்றி, அந்த நீரிலேயே ஆறவிட வேண்டும். இல்லையேல் பெரும்பகுதி முளைக்காது. கார்டும் அதைப் படித்திருக்கலாம். அத்தனை விதைக்கும் வெந்நீர் வைக்க யார் விறகு சுமப்பது என்று விட்டிருக்கலாம். அது அவர் கணக்கு. என் கணக்கு வேறு. அந்த மூன்று தாளும் அன்று காலை என் தோள்பையில் இருந்தன. நான் குந்தியிருந்தபோது பை அந்த வாளியை உரசிக்கொண்டு தொங்கியது.

செய்தியை அனுப்பினேன். படம் நன்றாக வந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். மேற்கூறில் குனிந்து முளைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கையெல்லாம் பச்சை. நான் சொன்னேன். நிமிராமலே கேட்டார். பீன்ஸுக்குச் சாவு எதுவோ அதுதான் இந்த விதைக்கு உயிர் என்பதை அவர் ஒரே தடவையில் புரிந்துகொண்டார்.

"அப்ப நான் சும்மா இருந்திருந்தா?"

"மத்த கூறு மாதிரிதான் இருந்திருக்கும் அக்கா."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"போன வாரம்," என்றேன். அது பொய் இல்லை. பையில் இருந்த தாளைப் பற்றி நான் சொல்லவில்லை. அன்று மட்டுமில்லை, பிறகும் சொல்லவில்லை.

பிடுங்கியதைக் கார்டு கண்டுபிடித்துவிட்டார். போர்வை வாங்கிய கைதான் பிடுங்கியது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. காட்டுப்பன்றி என்று எழுதி, மேற்கூறுக்கு முள்வேலி போடவைத்தார். உள்ளே மண்ணில் இன்னும் விதை கிடந்தது. அடுத்த மழைக்கு அதுவும் எழும்பியது. ஊரில் அக்காவுக்குக் கைராசி என்றே பெயர் நிலைத்துவிட்டது. யார் வீட்டில் நாற்று நட்டாலும், "கைராசியக் கூப்பிடுங்கடி, வெறும் கல்லயும் மொளைக்க வச்சிரும்," என்று சிரிப்பார்கள். அவர் போய் நட்டுவிட்டு வருவார்.

வருடத்துக்கு ஒருமுறையாவது அந்த ஊற்றுக்குப் போவேன். முதல் வருடம் குடம் நிறைவதற்குள் நான் முப்பது எண்ணினேன். நான்காம் வருடம் எழுபது. அதற்கடுத்த வருடம் இருநூறுக்கு மேல் எண்ணாமல் நிறுத்திக்கொண்டேன். மேலே மரங்கள் இரண்டாள் உயரம் தாண்டி மஞ்சளாகப் பூத்திருந்தன. கொடைக்கானலுக்கு வந்தவர்கள் காரை நிறுத்தி அந்தப் பூவைப் படம் எடுத்தார்கள். மரங்களுக்கு உள்ளே பகல் பன்னிரண்டு மணிக்கும் வெளிச்சம் இல்லை. புல் இல்லை. ஒருமுறை வெயில் காலத்தில் உள்ளே நின்றபோது தலைக்கு மேலே காய்ந்த நெற்றுகள் வெடித்து விதை உதிர்ந்தது. மெல்லிய பொரியும் சத்தம். நான் வந்த வழியே வேகமாக இறங்கிவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு பங்குனியில் ஊற்றுக்கண் ஈரம் மட்டுமாக நின்றது. ஊற்றுக்கு மேலே இருக்கும் மரங்களை மட்டுமாவது வெட்ட வேண்டும் என்று ஊரார் மனுக் கொடுத்தார்கள். மனுவை எழுதியவன் நான். முதல் கைநாட்டு அக்காவுடையது.

பதிலைக் கார்டே கொண்டுவந்தார். அவருக்குத் தலை நரைத்திருந்தது. அவர் வீட்டுக்கும் அந்த ஊற்றிலிருந்துதான் தண்ணீர். "என்னயத் திட்டாத ஆத்தா, நான் வெறும் தபால்காரன்," என்று சொல்லி என்னிடம் நீட்டினார். உரக்கப் படித்தேன். சம்பந்தப்பட்ட சரிவு முன்மாதிரித் தோப்பு. உள்ளூர் மக்கள், குறிப்பாக மனுதாரர், முழு விருப்பத்துடன் உருவாக்கியது. ஆகவே மரங்களை அகற்றக் கோரும் மனு ஏற்பதற்கில்லை. ஆதாரமாக ஒரு பத்திரிகை நறுக்கு பின் குத்தி இணைக்கப்பட்டிருந்தது. போர்வை போர்த்திய பெண், சுற்றிலும் முளைகள்.

அக்கா அந்த நறுக்கை வாங்கிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கேன்," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவர் காலை ஏழு மணி பஸ்ஸில் டவுனுக்குப் போகத் தொடங்கினார். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலை.