நெல்சன் அண்ணன் வீட்டு பெட்ரூமில் படுத்த கிராங்க்

இன்று நெல்சன் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தேன். வந்து சட்டைகூட மாற்றவில்லை, அப்படியே உட்கார்ந்து தட்டுகிறேன்.

காரைக்கால்மேட்டுக்குப் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை போட்ட பட்டறை அவருடையது. பக்கத்திலேயே வீடு. விசைப்படகு எஞ்சின்களைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பக் கோத்துக் கொடுக்கிறார். வயது ஐம்பத்தொன்று. 'ஏறக்குறைய' என்பது அவருக்குக் கெட்ட வார்த்தை. டீயில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால்கூட "ஒண்ணே கால் ஸ்பூன்" என்பார்.

இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் அவரிடம் வந்த எஞ்சின் சிவக்குமாருடையது. சிவக்குமார் சொந்தப் படகு வைத்திருப்பவர். போன ஜனவரியில் நடுக்கடலில் அவர் எஞ்சின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. கரையில் ஊரே நின்று வேடிக்கை பார்த்ததாம். "இன்னொரு தடவ அப்படி நின்னா படக வித்துட்டு கத்தாருக்குப் போயிடுவேண்ணே" என்று சொல்லித்தான் எஞ்சினை இறக்கியிருக்கிறார்.

பிடித்துக்கொண்டதற்குக் காரணம் மிகச் சின்னது. எஞ்சினுக்குள் சுற்றுகிற தண்டுதான் கிராங்க். அதற்கும் அதைத் தாங்குகிற பேரிங்குக்கும் நடுவே ஆயில் நிற்க ஓர் இடைவெளி வேண்டும். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஐந்திலிருந்து ஒன்பது பங்கு என்கிறது அந்த எஞ்சினின் புத்தகம். குறைந்தால் ஆயில் நுழையாது, சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் ஆயில் நிற்காது, தட்ட ஆரம்பிக்கும். முன்பு வேலை பார்த்தவர் 'நல்லா டைட்டா' செய்து கொடுத்திருந்தார்.

இரும்பு வெயிலில் விரியும், இருபது டிகிரியில் வைத்து அளக்க வேண்டும் என்று அண்ணன் எங்கோ படித்திருக்கிறார். கொட்டகைக்குள் முப்பத்தெட்டு டிகிரி. உடனே பெட்ரூமில் ஏசி மாட்டினார். சர்ச் ஃபாதர் வந்து ஏசிக்கு மந்திரித்துவிட்டுப் போனார். ஹாலில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கும் டெய்சி அண்ணி, கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்துக்குப் பிறகு தன் அருமை தெரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்.

மறுநாள் அண்ணனும் சிவக்குமாரும் பழைய பெட்ஷீட்டில் சுற்றிய எதையோ முக்கி முனகி உள்ளே தூக்கி வந்தார்கள்.

"ஏங்க, இது எங்க?"

"இங்கதான் இருக்கும். ஒரு ராத்திரி முழுக்க குளிர்ல கெடந்தாத்தான் சரியான அளவு காட்டும்."

"அப்ப நானு?"

"ஹால்ல ஃபேன் இருக்குல்ல?"

ஆக, காரைக்காலிலேயே ஏசியில் தூங்கிய முதல் கிராங்க் அதுவாகத்தான் இருக்கும். கதவை அடிக்கடி திறக்கக்கூடாது என்று உத்தரவு வேறு.

கிராங்கை அறைக்குள்ளேயே மைக்ரோமீட்டரால் அளந்தார். அது உட்கார வேண்டிய எஞ்சின் பிளாக் வாசலில் நுழையாது. அதனால் அதன் துளையைக் கொட்டகையிலேயே அளந்தார். இரண்டையும் கழித்தால் நூற்றில் ஆறு. புத்தகம் சொன்ன அளவுக்குள் கச்சிதம்.

உறுதிப்படுத்த இன்னொரு சோதனை உண்டு. மெழுகு மாதிரி ஒரு மெல்லிய இழையைக் கிராங்கின்மேல் வைத்து, பேரிங்கை மூடி முறுக்கி, திரும்பக் கழற்றிப் பார்ப்பது. இழை எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறதோ அதை வைத்து இடைவெளி தெரியும். கிராங்கை வெளியே கொண்டுவந்து, அது மத்தியானம் முழுக்கக் கொட்டகையில் கிடந்த பிறகு, சாயங்காலம் செய்தார். இழை நூற்றில் நாலரை என்றது.

"ஏசி பொய் சொல்லுமா? இந்த இழைதான் வெயில்ல கெட்டுப்போயிருக்கும்" என்றார் அண்ணன்.

சிவக்குமாருக்கு ஏக சந்தோஷம். "டைட்டாத்தானேண்ணே இருக்கு? நல்லதுதானே!"

தையல் மிஷினிலிருந்து அண்ணி குரல் கொடுத்தார். "கக்கத்துல லூஸு விடாம ஜாக்கெட் தச்சா கையத் தூக்க முடியுமா தம்பி? ஒங்க வூட்டுல கேட்டுப் பாருங்க."

கிராங்க் மறுபடி ஏசிக்குப் போனது. மறுபடி அளந்தார். அதே ஆறு. மறுநாள் பதினோரு மணிக்கு வெற்றியோடு வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். துவைக்கப் போட வேண்டும் என்று அண்ணி பெட்ஷீட்டை உருவினார். பார்த்தால் கிராங்க் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர்.

"ஏங்க, ஒங்க கிராங்குக்கு வேர்க்குது. ரெண்டு நாளு உள்ள இருந்தவருக்கே இப்படின்னா, நாங்க வெளியவே கெடக்குறோம்."

சிவக்குமார் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. ஒரு கையைக் கிராங்கின்மேல் வைத்தார், ஜில்லென்றது. இன்னொரு கையைப் பிளாக்கின்மேல் வைத்தார், சுட்டது. அப்போதுதான் உறைத்தது. குளிரில் சுருங்கியதை ஓர் இடத்திலும், வெயிலில் விரிந்ததை இன்னோர் இடத்திலும் அளந்து, இல்லாத இடைவெளியை இரண்டு நாளாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். கெட்டுப்போனதாகச் சொன்ன இழைதான் சரி.

"சிவா, நான் அளந்தது தப்பு."

பொண்டாட்டி முன்னாலும் எஞ்சின் கொடுத்தவர் முன்னாலும் இதைச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

அன்று முதல் கிராங்க், பிளாக், மைக்ரோமீட்டர் எல்லாமே கொட்டகையில் ஒன்றாகத் தூங்கின. விடியற்காலை ஐந்தரைக்கு, வெயில் வருவதற்கு முன் அளந்தார். நாலரை. கிராங்கில் இன்னும் இரண்டு பங்கு தேய்க்க டவுனில் உள்ள கிரைண்டிங் கடைக்கு அனுப்பப் போனபோது சிவக்குமார் குறுக்கே நின்றார்.

"எட்டு நாள்ல கடலுக்குப் போவணும்ணே. டைட்டா இருக்கிறதப் போயி லூஸ் பண்றீங்களே!"

"டைட்டாத்தான் வேணும்னா இப்பவே தூக்கிட்டுப் போ. அப்படியே கத்தாருக்கு டிக்கெட்டையும் போட்டுக்க."

சிவக்குமார் கிராங்கின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். திரும்பி வந்ததும் அளந்தால் ஆறரை. இழையும் ஆறரை. தடை முடிந்த அன்றே படகு கிளம்பியது.

இன்று நான் அங்கே இருந்தபோதுதான் சிவக்குமார் வந்தார். கையில் ஒரு பை நிறைய மீன், முகத்தில் ஒரு குறை.

"என்ன எஞ்சின் கோத்தீங்கண்ணே? பழைய சத்தமே காணும். ஓடுதா நின்னுடுச்சான்னு கடல்ல இருந்த நாலு நாளும் எட்டி எட்டிப் பாத்தே எனக்குத் தூக்கம் போச்சு."

அண்ணன் மீனை வாங்கி உள்ளே கொடுக்கப் போனார். கதவு சாத்தியிருந்தது. இப்போது தையல் மிஷின் ஏசி அறையில்.

"கதவ அடிக்கடி தொறக்காதீங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

காரைக்கால்மேட்டுப் பக்கம் போனால் அண்ணனை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். ஆறு மணிக்கு முன்னால் போங்கள், வெயில் ஏறினால் மைக்ரோமீட்டரைப் பெட்டியில் வைத்துவிடுவார். உங்களுக்குத் தெரிந்த படகுக்காரர்களுக்கு இதை அனுப்புங்கள். 'நல்லா டைட்டா போட்டுக் குடுங்க' என்று கேட்கிறவர்களுக்கு முதலில் அனுப்புங்கள்.