வேலி தாண்டிய தம்பியைத் தேடிக் கொட்டகலைக்கு

போனவர்கள் மூன்று பேர்: நான், என் ஓரகத்தி மீனாட்சி, அவள் இடுப்பில் பத்து மாதக் குழந்தை. போன நாள் இந்த 1960ஆம் ஆண்டு நவராத்திரியின் ஒன்பதாம் நாள். தேடிப் போனது ரோமாபுரியின் ஆதிகாலச் சரித்திரம்.

சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. றொசல்லையில் எங்கள் வீடும் கொழுந்தனார் வீடும் அடுத்தடுத்து. நடுவில் ஒரு முள்வேலி. பொங்கல் கழிந்த வாரம் கொழுந்தனார் அதைத் தாண்டி வந்து எங்கள் பாத்தியில் போஞ்சிக்காய் பறித்தார். எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது ஒரே ஒரு ரோமாபுரிக் கதை. அதை அந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டார்: ரோமுலஸ் கட்டிய சுவரைத் தம்பி ரேமஸ் கேலியாகத் தாண்டினான், அண்ணன் அவனை வெட்டிப்போட்டான் என்று. விளையாட்டுக்குச் சொன்னதுதான். "வெட்டுவேன்னு சொன்ன வாயோட எனக்கென்ன பேச்சு?" என்று போனவர் கொழுந்தனார். அன்றிலிருந்து எட்டு மாதமாகப் பேச்சில்லை. கோயில் திருவிழாவுக்குக்கூட இருவரும் தனித்தனியாகப் போனார்கள்.

ஒருநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது மீனாட்சிதான் கேட்டாள்: "ஏங்க்கா, அந்தாளு நெசமாவே வெட்டுனானான்னு யாரு பாத்தா?"

அந்தக் கேள்விதான் எங்களை ரயிலேற்றியது.

றொசல்லையிலிருந்து கொட்டகலை ஏழரை மைல். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு முப்பது சதம். ஒன்பதே காலுக்கு வரவேண்டிய வண்டி ஒன்பதே முக்காலுக்கு வந்தது. ரோமாபுரி ஏழு குன்றுகளின் மேல் இருந்ததாம். ஜன்னலோரம் உட்கார்ந்து நானும் குன்றுகளை எண்ணினேன். ஏழு என்று சொல்லி முடிப்பதற்குள் பனிமூட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளும். வேறொன்றைத் திருப்பித் தரும். ஹட்டன் தாண்டிச் சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்தபோது, இருட்டில் எங்கோ ஒரு கூடை ஆற்றோடு மிதந்து போவது போலவும் அதற்குள் ரோமுலஸும் ரேமஸும் கைப்பிள்ளைகளாக அழுவது போலவும் இருந்தது. வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால் அழுதது மீனாட்சியின் குழந்தை.

கொட்டகலையில் ஒரு யாழ்ப்பாணத்து மாஸ்டர் இருக்கிறார். ரோமாபுரிக்காரர் ஒருவர் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முன் எழுதிய சரித்திரம், இங்கிலீஷில் பெயர்த்தது, அவரிடம் உண்டு என்று விசாரித்து வைத்திருந்தேன். விசாரிக்காமல் விட்டது அன்று என்ன நாள் என்பதை. நான் நாள் பார்க்காமல் அரிசிகூட ஊற வைக்கிறவளில்லை, இதில் கோட்டைவிட்டேன். அன்று சரஸ்வதி பூஜை. புத்தகங்களெல்லாம் மஞ்சள் பட்டுக்குக் கீழே அடுக்கியிருந்தன, மேலே செவ்வந்திப்பூ, பக்கத்தில் அவருடைய பேனா.

"இண்டைக்குக் கை வைக்கேலாது, பிள்ளை. நாளைக்குக் காலமை வாங்கோ," என்றார். நானே கேட்டிருக்க மாட்டேன். கும்பிட்டுவிட்டு அந்தப் பட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். ரோமாபுரியின் ஏழு அரசர்களும் அதற்குள் ஊதுபத்தி வாசத்தில் உறங்குவதாகத் தோன்றியது.

மாஸ்டரே ஒரு வழி சொன்னார். திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம், சீமைக்குப் போன துரை விட்டுச் சென்ற புதிய ஆராய்ச்சிப் புத்தகம் இருக்கிறதாம். பஸ்ஸில் முக்கால் மணி நேரம், நாற்பது சதம். கிளாக்கர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்; அவர் வீட்டுப் புத்தகங்களுக்கு அன்று ஓய்வில்லை. ஆனால் எனக்கு உண்டே. அதனால் அவரையே வாசித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். காதால் கேட்பதற்கு யாரும் தடை சொன்னதாகத் தெரியவில்லை. எழுதிக்கொள்ளவும் கூடாதென்பதால் முன்பாதியை நானும் பின்பாதியை மீனாட்சியும் மனதில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

வடக்கிலிருந்து எதிரிகள் வந்து நகரத்தை எரித்ததில் பழைய ஏடுகள் பெரும்பாலும் போயினவாம். நம் கைக்கு வந்த சரித்திரங்களெல்லாம் சம்பவத்துக்குப் பல நூறு வருடம் பிந்தியவை. அந்தச் சகோதரர்கள் இருந்தார்களா என்பதே சந்தேகம் என்று முடித்தார் கிளாக்கர்.

"ஆளே இல்லேங்கறீங்களா?" என்றாள் மீனாட்சி. "இல்லாத ஆளுக்காகவா எங்க வீட்ல எட்டு மாசமாப் பேச்சில்ல?"

கிளாக்கர் எங்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார்.

அன்றிரவு கொட்டகலைத் தோட்டத்து லயத்தில் மீனாட்சியின் சித்தி வீட்டில் தங்கினோம். விஜயதசமி காலை மாஸ்டர் பட்டை விலக்கி எங்களுக்கான பக்கத்தைத் திறந்தார். மீனாட்சி விடவில்லை. "நல்ல நாள்ல மொத மொதல்ல கொலையவா படிக்கிறது?" என்றாள். ஆகவே, ஆற்றோரம் கிடந்த பிள்ளைகளை இடையன் எடுத்து வந்து மனைவியிடம் கொடுத்த இடத்தை முதலில் படித்தோம். அப்புறம்தான் மற்றது.

இரட்டைப் பிள்ளைகளாதலால் மூத்தவன் யாரென்று தீர்க்க முடியாமல் பறவைச் சகுனம் பார்த்தார்களாம். அதில் வந்த கைகலப்பில் ரேமஸ் செத்தான் என்று ஒரு பேச்சு; சுவரைத் தாண்டியதற்காக அண்ணன் கொன்றான் என்பது அதிகம் பேர் சொல்வது. எழுதியவரே இரண்டையும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: தம்பி சாகவில்லை, அண்ணனுக்குப் பிறகும் வாழ்ந்தான் என்று பிற்கால நூலொன்று சொல்கிறது. நூலின் பெயர் இல்லை. மாஸ்டருக்கும் தெரியவில்லை.

அன்று மாலை றொசல்லையில் எங்கள் வேலியோரம் நின்று, எழுதி வந்த எல்லாவற்றையும் உரக்க வாசித்தேன். இந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்காரர் பாத்தியில் முட்டைக்கோவா வெட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கொழுந்தனார் மண்வெட்டியோடு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கடைசிக் குறிப்பு வந்ததும் திரும்பினார்.

"எந்தப் புஸ்தகமாம்?"

"பேரு போடலையாம்," என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"பேரில்லாம எப்பிடி நம்புறது?"

"வெட்டுனதை மட்டும் பேரு கேக்காம நம்புன இல்ல?"

அவ்வளவுதான். ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். மீனாட்சி சிரிப்பை அடக்கி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: பூஜை நாளைத் தவிர்த்துப் போங்கள். கம்பளி அவசியம். மாஸ்டர் புத்தகத்தை வெளியே கொடுப்பதில்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம். பழைய நூலைப் படிக்காமல் புதியதை நம்ப வேண்டாம், புதியதைக் கேட்காமல் பழையதையும் நம்ப வேண்டாம். எங்கள் இருவருக்கும் ரயில், பஸ், செவ்வந்திப்பூ எல்லாம் சேர்த்து மூன்று ரூபாய் பத்துச் சதம்.

இப்போது தினமும் சாயங்காலம் இருவரும் வேலிக்கு வருகிறார்கள். புத்தகத்தின் பெயர் தெரிந்ததா என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொன்னால், அதைப் பற்றியே நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்கள். தம்பி உயிரோடிருந்தான் என்று சொல்லும் அந்த நூலின் பெயர் உங்களில் யாருக்காவது தெரிந்தால், வரும் பொங்கலுக்குள் எழுதுங்கள்.