பாஷுக்கு அந்தப் பக்கம்

பிரான்சின் வடக்கே, கூர்தூன் கடற்கரையில் மொரிசெத் தெல்பிலாங்க்கை யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான். இருபத்திரண்டு கோடைக்காலம் அவள் குடிலுக்கு அடுத்த குடிலில் நான் வாஃபிள் சுட்டு விற்றேன். அதில் ஆறு கோடை நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. நான் தூவுகிற சர்க்கரைத்தூள் காற்றில் பறந்து போய் அவளுடைய துணிகளில் ஒட்டுகிறது என்று தொடங்கிய சண்டை அது. ஒட்டியது உண்மைதான்.

அவள் காற்றுத்திரைகளை வாடகைக்கு விட்டாள். எங்கள் கரையில் காற்று ஓய்கிற நாளே கிடையாது. நான்கு கம்புகளில் கோத்த துணியை மணலில் நட்டு, அதன் மறைவில்தான் குடும்பங்கள் உட்கார முடியும். பதினெட்டு வயதில் எட்டுத் திரைகளோடு ஆரம்பித்து, அறுபத்தொரு வயதில் நாற்பது வைத்திருந்தாள். நாற்பதையும் தானே தைத்தவள். நீலமும் வெள்ளையுமாகக் கோடு, ஒவ்வொன்றின் மூலையிலும் கறுப்பு நூலில் ஓர் எண். வாடகைக்கு எடுத்தவர்களை அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். "பன்னெண்டு, உன் நாயைப் பிடி." "இருபத்தேழு, துணியில சாயாத, அது நாற்காலி இல்ல."

கணவன் ஓர் ஆகஸ்ட் மாதத்தில் லீல் நகரத்திலிருந்து வந்த பல் மருத்துவரின் உதவியாளரோடு போய்விட்டான். அதனால்தான் அவள் இப்படி ஆனாள் என்று சொல்கிறவர்கள் உண்டு. தவறு. அதற்கு முன்பும் அவள் இப்படித்தான். கல்யாண விருந்தில் இரண்டு பேரைச் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பியவள்.

வெளியூர்க்காரர்கள் எல்லோரும் அவளுக்குப் பாரிஸ்காரர்கள். அமியேனிலிருந்து வந்தாலும் பாரிஸ்தான். பெல்ஜியத்துக்காரர் ஒருவர், தான் பெல்ஜியம் என்று விளக்கியபோது, "அப்போ இன்னும் தூரத்துப் பாரிஸ்" என்றாள்.

அவளுக்கு அறுபத்தொரு வயதான அந்த வருடம் எங்கள் ஊருக்குக் குடும்பங்களுக்கு உகந்த கடற்கரை என்று ஒரு பட்டயம் கொடுத்தார்கள். நுழைவாயிலில் பெரிய பலகை வந்தது. அதில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், ஒரு வாளி. நகராட்சி எங்கள் எல்லோருக்கும் கடிதம் அனுப்பியது: கடற்கரையில் தொழில் செய்பவர்கள் வருகிறவர்களிடம் முகமலர்ச்சியோடு நடந்துகொள்ள வேண்டும். மொரிசெத்துக்கு வந்த கடிதத்தில் மட்டும் கூடுதலாக ஓர் எச்சரிக்கை வரி இருந்தது. அவள் மேல் ஏற்கெனவே இரண்டு புகார்கள். ஒன்று, தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் சொந்தத் திரையைக் காற்றுக்கு எதிராக நடவில்லை என்று பிடுங்கி, திருப்பி நட்டது. இன்னொன்று, மணல்கோட்டை கட்டிக்கொண்டிருந்த குழந்தையிடம், "இது ஒரு மணி நேரம்கூட நிக்காது" என்று சொல்லி அழவைத்தது. மூன்றாவது புகார் வந்தால் அவளுடைய இடம், குழந்தைகள் குதித்து விளையாடுகிற காற்றடைத்த ரப்பர் கோட்டை வைக்கக் காத்திருக்கும் ஒருவருக்குப் போய்விடும்.

கடிதத்தை என்னிடம்தான் காட்டினாள். "முகமலர்ச்சியாம். மலர்ந்தா காத்து நிக்குமா?"

"ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சுக்கோ, மொரிசெத். கோட்டை வந்தா அதோட மோட்டார் என் காது பக்கத்துலதான் ஓடும்."

"உன் காதுக்காக நான் சிரிக்கணுமா?"

ஜூலையில் ஒரு காலை, ஒன்பது மணி. முந்தின இரவு பௌர்ணமி. அந்த மாதிரி நாட்களில் கடல் அதிகாலையில் கண்ணுக்கெட்டாத தூரம் உள்வாங்கி, பிறகு யாரோ துரத்துவது போலத் திரும்பி வரும். பதினொரு மணிக்குத்தான் உயிர்காப்பாளர்கள் வேலைக்கு வருவார்கள். கடற்கரையில் நான்கைந்து பேர்தான் இருந்தார்கள். ஒல்லியான ஒரு மனிதர் ஒரு சிறுமியோடும் தோளில் ஒரு குட்டிப் பையனோடும் வந்து திரை கேட்டார். முப்பத்தொன்றாம் எண் கிடைத்தது.

"கம்பைக் காத்துப் பக்கமா சாய்ச்சு நடு" என்றாள் மொரிசெத். "பத்து மணிக்கு மேல பாஷுக்கு அந்தப் பக்கம் போகாத."

"எந்த பாஷ், மதாம்?"

"கண்ணு இருக்குல்ல? இங்க இருக்கிறது ஒண்ணுதான்."

கையை இடப்பக்கமாகக் கடலை நோக்கி வீசிவிட்டு அடுத்த திரையை உதறப் போய்விட்டாள். அவர் அவள் கை போன திசையைப் பார்த்தார், தலையாட்டினார், "நன்றி மதாம்" என்றார். நான் மாவைக் கரண்டியில் எடுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் அதில் ஒன்றும் தவறாகத் தோன்றவில்லை.

இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் பாஷ் என்றால், கடல் வற்றிய பிறகு கரைக்கும் மணல்மேட்டுக்கும் நடுவில் நீளமாகத் தேங்கி நிற்கிற தண்ணீர். வற்றிய நேரத்தில் கணுக்கால் அளவுதான் இருக்கும், நடந்தே கடந்துவிடலாம். கடல் திரும்பும்போது முதலில் அதுதான் நிறையும். மேட்டில் நிற்பவன் முன்னால் இருக்கிற கடலைப் பார்த்து, இன்னும் தூரத்தில்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பான். முதுகுக்குப் பின்னால் கரைக்குத் திரும்பும் வழி மூழ்கிப் போயிருக்கும். இது எங்கள் ஊரில் நடக்கப் பழகுகிற குழந்தைக்கும் தெரியும். பிரான்சின் மற்ற இடங்களில் பாஷ் என்றால் தார்ப்பாய். எங்கள் வீட்டிலும் தார்ப்பாயை அப்படித்தான் சொல்கிறோம், ஆனால் கடற்கரையில் அந்தச் சொல்லைக் கேட்டு ஒருவன் தார்ப்பாயை நினைப்பான் என்பது எங்களில் யாருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை.

அன்று கடற்கரைச் சிறுவர் மன்றத்தில் குழந்தைகள் குதிக்கிற துள்ளுமேடை மேல் நீலத் தார்ப்பாய் ஒன்று கட்டியிருந்தது. மொரிசெத் கை வீசிய திசையில், இடப்பக்கம்.

பத்தே கால் இருக்கும். அவள் தன் திரைகளை ஓரமாக எண்ணிக்கொண்டு வந்தாள். முப்பத்தொன்றின் மறைவில் செருப்புகள் மட்டும் கிடந்தன. நிமிர்ந்து பார்த்தாள். மூன்று பேரும் மணல்மேட்டில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பாஷ் சாம்பல் நிறத்தில் அகலமாக ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கூச்சல் போடவில்லை. திரையிலிருந்து ஒரு கம்பை உருவிக்கொண்டு இறங்கினாள். நான் அடுப்பை அணைக்காமல் பின்னால் ஓடினேன். தண்ணீர் அவளுக்கு இடுப்பு வரை, பிறகு மார்பு வரை வந்தது. அந்த மனிதர் இப்போதுதான் திரும்பிப் பார்த்து, பையனைத் தோளில் ஏற்றி, சிறுமியின் கையைப் பிடித்து இறங்கியிருந்தார். நடுவில் சிறுமியின் கால் தரையை விட்டது. மொரிசெத் கம்பை நீட்டினாள். "பிடி. அழாத, பிடி. வாயை மூடு, உப்புத் தண்ணி." சிறுமி பிடித்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது பையனை வாங்கிக்கொள்வது மட்டும்தான் மிச்சம்.

கரையில் அவர் இருமி முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள். அவ்வளவு பொறுமைதான் அவளிடம் இருந்தது.

"முப்பத்தொண்ணு. பாஷுக்கு அந்தப் பக்கம் போகாதன்னு சொன்னேனா இல்லையா?"

"நாங்க அந்தப் பக்கமே போகலையே." விரலை நீட்டி நீலத் தார்ப்பாயைக் காட்டினார். "பிள்ளைங்களைக்கூட அதுகிட்ட விடல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. மொரிசெத் சிரிக்கவில்லை. தார்ப்பாயைப் பார்த்தாள், பாஷைப் பார்த்தாள், பிறகு அவரை. "உன்னை மாதிரி ஆளை நம்பி ரெண்டு பிள்ளைங்களைக் கொடுத்திருக்காங்க" என்றாள். சிறுமி அதைக் கேட்டு அழுதாள். மேலே என் குடிலிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அவரிடமிருந்து இரண்டு பக்கத்தில் புகார் வந்தது. காப்பாற்றியதற்கு நன்றி என்று முதல் வரி. எந்த பாஷ் என்று தான் கேட்டதாகவும், பதில் கிடைக்கவில்லை என்றும், பிள்ளைகள் முன்னால் அவமதிக்கப்பட்டதாகவும் மீதி.

செப்டம்பரில் நகராட்சியின் மாடி அறையில் விசாரணை. துணை மேயர் க்ரெப்பேல் இந்த ஊரில் பிறந்தவர். கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்து தார்ப்பாய் இடத்தில் நிறுத்திவிட்டார். அறையில் எல்லோரும் சிரித்தோம். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மொரிசெத் மேல்கோட்டின் பொத்தானைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பாருங்க மதாம் தெல்பிலாங்க்" என்றார் க்ரெப்பேல். "வார்த்தை தெரியாதது அவர் குறை. அதுக்காக உங்க இடத்தைப் பறிக்க முடியாது. ஆனா கேட்டேன்னு எழுதியிருக்கார். பாரிஸ்லேர்ந்து பட்டயக்காரங்களும் இதைத்தான் கேக்கறாங்க: கேட்டும் சொல்லலையான்னு." என் பக்கம் திரும்பினார். "ஃபிர்மேன், நீ பக்கத்துலதான் இருந்த. அவர் கேட்டாரா?"

அவர் என்னிடம் என்ன பதிலை எதிர்பார்க்கிறார் என்பது தெளிவாகத் தெரிந்தது. மோட்டார் சத்தத்தையும் நினைத்துக்கொண்டேன்.

"இல்லை. ஒண்ணும் கேக்கல. தலையை ஆட்டிட்டுப் போயிட்டார்."

"கேட்டான்" என்றாள் மொரிசெத்.

க்ரெப்பேல் பேனாவைக் கீழே வைத்தார். "அவசரப்படாதீங்க, மதாம்."

"எந்த பாஷ்னு கேட்டான். ஒழுங்கா மதாம் போட்டுக் கேட்டான். கண்ணு இல்லையான்னேன். அதான் நடந்தது." என்னைப் பார்த்தாள். "இவன் பொய் சொல்றான். இவன் வாஃபிள் மாதிரியே. மேல சர்க்கரை, உள்ள வேகல."

"அப்படின்னா ஒரு மன்னிப்புக் கடிதமாவது எழுதுங்க. நாலு வரி. நான் பேசிப் பார்க்கறேன்."

"நடந்ததைச் சொல்லிட்டேன். நாலு வரியில பல்லைக் காட்டச் சொல்லாதீங்க."

கீழே வந்ததும் கேட்டேன். "உனக்காகத்தானே சொன்னேன், மொரிசெத்?"

"உன்கிட்ட கேட்டேனா?" சைக்கிளை எடுத்தாள். பிறகு, முகத்தைத் திருப்பாமலே, "அந்தப் பொண்ணு காலு தரையில படல, ஃபிர்மேன்" என்றாள். போய்விட்டாள்.

இடம் போயிற்று. அடுத்த கோடையில் கோட்டை வந்தது. மஞ்சள் நிறம், நான்கு கோபுரம், காலையிலிருந்து மாலைவரை மோட்டார். முப்பத்தொன்பது திரைகளை அவள் யாருக்கு விற்றாள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றை வைத்துக்கொண்டாள்.

கடற்கரை பொதுச்சொத்து, யாரும் உட்காரலாம். ஜூன் முதல் தேதி வந்து, கோட்டைக்கு முன்னால், கடலுக்குப் போகிற வழியில், முப்பத்தொன்றாம் எண்ணை நட்டு நாற்காலியைப் போட்டாள். கோட்டைக்காரர் நகர்ந்து உட்காரச் சொன்னார். "எந்தச் சட்டத்துல?" என்றாள். அவர் நகராட்சிக்கு எழுதினார். பதில் வரவில்லை. தினமும் காலை எட்டரைக்கு வந்துவிடுவாள். என் கடையில் ஒன்றும் வாங்கமாட்டாள், எனக்கு வணக்கமும் கிடையாது.

வாளியோடு ஒரு குடும்பம் அந்த வழியாகக் கடலுக்குப் போனால் நாற்காலியிலிருந்தபடியே குரல் வரும்.

"ஏய், வாளி. கடல் திரும்புற நேரம் பாஷுக்கு அந்தப் பக்கம் போகாதீங்க. பாஷ்னா தண்ணி. அதோ, அந்த நீளத் தண்ணி. தார்ப்பாய் இல்ல."

அவர்கள் நின்று, விரல் போகிற திசையைப் பார்ப்பார்கள். புரிந்தது, நன்றி மதாம் என்பார்கள்.

"புரிஞ்சா போய்த் தொலைங்க" என்பாள்.